வெள்ளப் புகலிட மேடு எண் 1

பருவகால வெள்ளத் தகவமைப்பு ஆணையம் ஜோர்ஜ்டவுனில் ஒரு கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் இருந்தது. வெள்ளத்தை ஆராய்கிறவர்கள் வெள்ளம் எட்டாத இடத்தில் உட்கார வேண்டும் என்பது ஆணையத்தின் முதல் கொள்கை முடிவு. மதியச் சாப்பாட்டுக்கு லிட்டில் இந்தியா நடக்கிற தூரத்தில் இருக்க வேண்டும் என்பது இரண்டாவது. இவ்விரண்டையும் தொடங்கிய ஆண்டிலேயே நிறைவேற்றிவிட்டார்கள். மற்றவை பரிசீலனையில் இருந்தன.

இப்படி ஓர் ஆணையம் இருப்பது தயாளனுக்குத் தெரியாது. தண்ணீர் வரும் என்பது மட்டும் தெரியும். சுங்கை பாக்காப்பைத் தாண்டி, செம்பனைத் தோட்டத்துக்குப் பின்னால், ஆறு வளைகிற இடத்தில் அவனுக்கு ஒரு வீடும் கொஞ்சம் கீரைப் பாத்தியும் பதினோரு மாடுகளும் இருந்தன. செப்டம்பர் பிறந்துவிட்டால் அவனும் மனைவி ரமணியும் மிளகாய் நட மாட்டார்கள். இருபத்தைந்து நாளில் அறுத்துவிடக்கூடிய கங்கோங் கீரைதான் போடுவார்கள். குளிர்பெட்டி இரண்டு மேசைகளின்மேல் ஏறும். அரிசி, துணிமணி எல்லாம் பரணுக்குப் போகும். வாய்க்கால் ஓரத்துச் செடித்தண்டுகளில் நத்தைகள் இளஞ்சிவப்பாக முட்டை வைத்திருக்கும் உயரத்தை ரமணி தினமும் காலையில் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். தண்ணீர் எதுவரை ஏறுமோ அதற்கு மேலேதான் நத்தை முட்டை வைக்கும் என்பது அவள் கண்டுபிடிப்பு. அவள் பட்டம் எதுவும் வாங்கவில்லை, நத்தையும் வாங்கவில்லை.

மாடுகளுக்குத்தான் மேடு. சிம்பாங் அம்பாட்டில் வீடு கட்டுகிறவர்கள் கொட்ட இடமில்லாமல் தவித்த உடைகல்லையும் செம்மண்ணையும் கேட்டு வாங்கி, பதினெட்டு வருடமாகக் கொட்டிக் கொட்டி, ஒன்றரை ஆள் உயரத்துக்கு உயர்த்தியிருந்தார்கள். சரிவில் மண் கரையாமல் நேப்பியர் புல், மேலே ஒரு தகரக் கொட்டகை, கொட்டகையில் ஓர் அடுப்பு. வெள்ளத்தில் மாடுகளை விரட்டி ஏற்ற முடியாது. மிரண்டால் ஆற்றைப் பார்த்து ஓடும். அதனால் வருடம் முழுக்க மாலை ஐந்து மணிக்குப் புண்ணாக்கும் தவிடும் மேட்டின்மேல்தான் வைப்பார்கள். மாடுகளுக்கு மேடு என்றால் சாப்பாட்டுக் கடை. தண்ணீர் வந்தால் அவையே வரிசையாக ஏறிவிடும். பதினெட்டு வருடத்தில் ஒரு கன்றுக்குட்டிகூட ஆற்றோடு போனதில்லை. இதுதான் பின்னால் பெரிய குற்றமாகப் போயிற்று.

ஆகஸ்ட் மாதத்து நல்ல வெயிலில், மஞ்சள் மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு ஆணையத்தின் கள அதிகாரி புஷ்பவள்ளி வந்தாள். கையில் ஒரு டேப்லெட்.

"அண்ணே, போன வருஷ பாஞ்சிர்ல, அந்த வெள்ளத்துல, எத்தன மாடு போச்சி?"

"ஒண்ணும் போகலம்மா."

"ஆடு?"

"ஆடு இல்லியே."

"கோழியாச்சும்?"

"கோழியெல்லாம் கூரமேல ஏறிக்கும்லா."

புஷ்பவள்ளி பெருமூச்சு விட்டாள். அந்தக் கட்டத்தில் பூச்சியத்தைவிடப் பெரிய எண் ஒன்றைப் போடாமல் டேப்லெட் அடுத்த பக்கத்துக்குப் போகாது. "ஃபிரிட்ஜ், மெத்த, டீவி?" என்று கெஞ்சுகிற குரலில் கேட்டாள்.

"எல்லாத்தையும் மேல ஏத்திருவோம்."

"ஏண்ணே இப்படிப் பண்றீங்க?" என்றாள். அவள் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது. "சரி, வெள்ளம் வரப்போவுதுன்னு முன்கூட்டியே தெரிஞ்சிக்க எதாச்சும் வச்சிருக்கீங்களா? சைரன், ஆப், எஸ்.எம்.எஸ்?"

"நத்த முட்ட" என்றாள் ரமணி.

டேப்லெட்டில் நத்தைக்குக் கட்டம் இல்லை. புஷ்பவள்ளி 'எதுவும் இல்லை' என்பதை அழுத்தினாள். அதன் பிறகுதான் மேடு அவள் கண்ணில் பட்டது. சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தாள்.

"எங்க மேப்புல இங்க மேடே இல்லியேண்ணே. இந்த எடம் ஃபிளாட்டு. அஞ்சடி தண்ணி நிக்கணும்."

"நிக்குதும்மா. மேட்ட சுத்தி நிக்குது."

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. தயாளன் குடும்பம் 'வெள்ளத்தால் பாதிக்கப்படாத குடும்பம்' என்று வகைப்படுத்தப்பட்டிருந்தது. ஆகவே அவர்களுக்கு மேடு தேவையில்லை. தேவையில்லாத அந்த மேடு ஆற்றோர ஒதுக்கு நிலத்தில், அனுமதியின்றி, வெள்ளத்தின் சுதந்திரமான நடமாட்டத்துக்கு இடையூறாக நிற்கிறது. முப்பது நாளில் சமன்படுத்தப்படும். கடைசி வரியில், 'உங்கள் பாதுகாப்பே எங்கள் நோக்கம்' என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்.

தயாளன் கடிதத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறி, ஃபெரி ஏறி, ஐந்தாம் மாடிக்குப் போனான். ஆணையத்தின் இயக்குநர் டாக்டர் அஸ்ஹர் வெள்ளத்தைப் பற்றி வெளிநாட்டில் ஆய்வு செய்து பட்டம் வாங்கியவர். அவர் மேசைமேல் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சின்ன ஆறு ஓடிக்கொண்டிருந்தது. கரையில் பிளாஸ்டிக் மாடுகள் நின்றன. தயாளனை மரியாதையாக உட்காரச் சொன்னார்.

"மிஸ்டர் தயாளன், கவலப்படாதீங்க. வழி இருக்கு. அந்த மேட்ட தகவமைப்புக் கட்டுமானம்னு பதிவு பண்ணிட்டா யாரும் தொட முடியாது."

"பண்ணிக் குடுங்க சார். புண்ணியமாப் போவும்."

"பாதிக்கப்பட்ட குடும்பத்துக்குத்தான் பண்ண முடியும்."

"மேடு இருக்குதே சார், எப்படிப் பாதிக்கும்?"

"அதத்தான் நானும் சொல்றேன். மேடு இருக்கறதால நீங்க பாதிக்கப்படல. பாதிக்கப்படாததால மேட்ட வச்சிருக்க முடியாது."

தயாளன் இதை மனதுக்குள் ஒருமுறை முன்னாலிருந்தும் ஒருமுறை பின்னாலிருந்தும் சொல்லிப் பார்த்தான். இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் வந்து முட்டியது. "மேட்ட எடுத்துட்டா மாடெல்லாம் போயிரும் சார்" என்றான்.

"கரெக்ட்!" டாக்டர் அஸ்ஹரின் முகம் மலர்ந்தது. ஒரு வழியாக இந்த மனிதனுக்குப் புரிந்துவிட்டது என்ற மகிழ்ச்சி. "போனவொடனே நேரா எங்கிட்ட வாங்க. போராங் படிவத்த நானே உக்காந்து நிரப்பித் தர்றேன். மேடு கட்ட அனுமதி, மானியம், மூணு நாள் ட்ரெயினிங், எல்லாம் கெடைக்கும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "எல்லாம் போகணும்னு இல்ல. ஒரு மாடு போதும். எழுத்துல இருந்தாக்கூடப் போதும்."

வீட்டுக்கு வந்து தயாளன் விஷயத்தைச் சொன்னபோது ரமணி கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள்.

"உசுரோட நின்னு பால் குடுக்கற மாட்ட செத்துப்போச்சின்னு எழுதறதா? அதுவும் வெள்ளிக்கெழம பாத்து?"

"அப்ப நாளைக்கு எழுதலாமா?"

"எந்தக் கெழமயும் வேணாம்."

இருந்தாலும் தயாளன் தொழுவத்துக்குப் போய்ப் பார்த்தான். எதை எழுதுவது? கிழட்டு மாடு ஒன்று அவனை மாதம் ஒருமுறை தவறாமல் உதைக்கும். அதையாவது எழுதலாம் என்று அதன் எதிரில் போய் நின்றான். அது அவன் சட்டைப் பொத்தானை நக்கியது. தயாளனுக்கு அழுகை வந்துவிட்டது. பேப்பரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரும்பினான்.

முப்பதாம் நாள் காலை மண்வாரி இயந்திரம் வந்தது. வட்டாரத்திலேயே முதல் சமன்படுத்தல் என்பதால் டாக்டர் அஸ்ஹரே நேரில் வந்தார். 'தடையற்ற வெள்ளம், தன்னம்பிக்கைக் குடும்பம்' என்று எழுதிய பதாகையைக் கார் டிரைவர் இரண்டு வாழைமரங்களுக்கு நடுவே கட்டினார். புஷ்பவள்ளி படம் பிடித்தாள்.

ரமணி குறுக்கே வந்து நின்றாள். "சார், இன்னிக்கு வேணாம். நத்த இடுப்பு ஒயரத்துக்கு முட்ட வச்சிருக்கு. ஆத்து மேல்பக்கம் ரெண்டு நாளா மழ."

டாக்டர் அஸ்ஹர் கைப்பேசியை அவளிடம் காட்டினார். ஆணையத்தின் ஆப் பச்சை நிறத்தில் இருந்தது. "இன்னிக்கு வெள்ள வாய்ப்பு பதினோரு விழுக்காடுதாம்மா" என்றார் அன்பாக.

இயந்திரம் மேட்டின் ஓரத்தில் ஒரே ஒரு வாய் மண் அள்ளியது. அதற்குள் செம்பனை மரங்களுக்கு இடையிலிருந்து தண்ணீர் பழுப்பாக, சத்தமே இல்லாமல் வந்துவிட்டது. முதலில் பார்த்தது இயந்திரத்தை ஓட்டியவர். எஞ்சினை நிறுத்தினார், இறங்கினார், யாரிடமும் எதுவும் சொல்லாமல் மேட்டின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். அன்று அங்கே வந்தவர்களில் அவர் ஒருவர்தான் எந்தப் பயிற்சியும் பெறாதவர். டாக்டர் அஸ்ஹர் கணுக்கால் தண்ணீரில் ஆப்பைப் பார்த்தார், பச்சை. முழங்கால் தண்ணீரில் பார்த்தார், பச்சை. "இன்னும் அப்டேட் ஆகல" என்றார். ஐந்து மணி ஆகாவிட்டாலும் பதினோரு மாடுகளும் அவரைத் தாண்டி வரிசையாக நடந்தன. கடைசி மாட்டின் வாலைப் பிடித்துக்கொண்டு இயக்குநரும், அவருக்குப் பின்னால் புஷ்பவள்ளியும் டிரைவரும் ஏறினார்கள். ஆணையத்தின் கார் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி, ஆற்றுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

ஏழு மணி நேரம் மேட்டின்மேல் இருந்தார்கள். ரமணி கொட்டகை அடுப்பில் தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தாள், சோறாக்கி நெத்திலி வறுத்துப் போட்டாள். டாக்டர் அஸ்ஹர் தவிட்டு மூட்டையில் உட்கார்ந்து இரண்டு தட்டுச் சாப்பிட்டார். சமன்படுத்தும் உத்தரவை உதைக்கிற மாடு பாதிவரை தின்றுவிட்டது. நாலு மணிக்குப் படகு வந்தபோது இயக்குநர் தயாளனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "இந்த மேட்ட நான் விடமாட்டேன்" என்றார். தயாளன் அதை நம்பினான். அவன் எவ்வளவு நல்ல மனிதன் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

டாக்டர் அஸ்ஹர் வாக்குத் தவறவில்லை. மூன்று வாரத்தில் மேட்டை ஆணையம் எடுத்துக்கொண்டது. 'ஆணைய அதிகாரிகள் உரிய நேரத்தில் களத்தில் இருந்ததால் நான்கு உயிர்கள் காப்பாற்றப்பட்டன' என்றது அறிக்கை. அந்த நான்கில் மூன்று ஆணையத்தைச் சேர்ந்தவை, நான்காவது அவர்கள் வாடகைக்கு எடுத்தது. மாடுகளைப் பற்றி ஒரு வரியும் இல்லை, சேதமில்லாதவை அறிக்கையில் இடம்பெறுவதில்லை.

திறப்பு விழாவுக்குக் கூடாரம் போட்டார்கள். இயந்திரம் கடித்த இடத்தில் பூந்தொட்டி வைத்து மறைத்தார்கள். டாக்டர் அஸ்ஹர் பேசினார்.

"பதினெட்டு ஆண்டுகளாக இந்த மேடு யாருக்கும் தெரியாமல் கிடந்தது. ஒரு குடும்பம் தன் சொந்த உபயோகத்துக்கு மட்டும் இதைப் பயன்படுத்தி வந்தது. நானே ஏழு மணி நேரம் உயிரைப் பணயம் வைத்து இதைக் கண்டறிந்தேன். இந்த வட்டாரத்து மக்கள் யாரையும் கேட்காமல், எந்தப் பயிற்சியும் இல்லாமல், தாங்களாகவே வெள்ளத்திலிருந்து தப்பித்து வருகிறார்கள். இது கவலைக்குரிய போக்கு. எல்லாரும் இப்படித் தப்பித்துக்கொண்டிருந்தால் நம் ஆணையத்தின் கதி என்ன? இந்த ஆபத்திலிருந்தும் மக்களை மீட்போம் என்று உறுதி கூறுகிறேன்."

எல்லாரும் கைதட்டினார்கள். தயாளனும் தட்டினான். அவனுக்கு ஒரு குடையும் 'சிறந்த பங்கேற்பாளர்' சான்றிதழும் கிடைத்தன. பிறகு துணியை விலக்கி அறிவிப்புப் பலகையைத் திறந்தார்கள். 'வெள்ளப் புகலிட மேடு எண் 1. பயன்படுத்த விரும்புவோர் வெள்ளத்துக்குப் பதினான்கு வேலை நாள்களுக்கு முன் விண்ணப்பிக்கவும். கால்நடைகளுக்கு அனுமதி இல்லை.' மேட்டைச் சுற்றிக் கம்பிவேலி, வேலியில் ஒரு கதவு, கதவில் பூட்டு. சாவி ஐந்தாம் மாடியில்.

"மாடுங்க எங்க சார் ஏறும்?" என்று தயாளன் கேட்டான்.

"மாடு ஏறினா சாணி போடும். வெள்ளத்துல தப்பிச்சி வர்றவங்க வழுக்கி விழுந்தா யாரு பொறுப்பு?" என்றார் டாக்டர் அஸ்ஹர்.

அன்று மாலை ஐந்து மணிக்குப் பதினோரு மாடுகளும் வேலிக்கு வந்து நின்றன. கம்பியில் மூக்கை வைத்துக் கத்தின. மறுநாளும் வந்தன. ரமணிக்குப் பார்க்க முடியவில்லை. மூன்றாம் நாளிலிருந்து புண்ணாக்குக் கூடையைக் கொண்டுபோய் அந்தப் பூட்டிய கதவுக்கு வெளியே வைத்தாள். வாசல்வரையாவது பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்று நினைத்தாள். அப்போது ஒரு மாடு கன்று போட்டு ஒன்பது நாள் ஆகியிருந்தது.

நவம்பர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தண்ணீர் வந்தது. மாடுகள் தாமாகவே போய்க் கதவுக்கு முன்னால் நின்றன. தயாளன் புஷ்பவள்ளியைக் கைப்பேசியில் அழைத்தான்.

"அண்ணே, எந்தத் தேதியில எழுதிக் குடுத்தீங்க?"

"தண்ணி இப்பத்தாம்மா வருது!"

"இன்னிக்கு எழுதினா..." அவள் விரல்விட்டு எண்ணுவது கேட்டது. "சனி ஞாயிறு சேராது. டிசம்பர் நடுவுல கெடைச்சிரும்ணே."

"மாட்டுக்கு வயித்துமட்டும் வந்திரிச்சி. சாவியக் குடும்மா."

"எங்கிட்ட இருந்தா நானே கொண்டாந்து குடுத்திருவேன்ணே, சத்தியமா. சாவி டாக்டரோட டிராயர்ல இருக்கு. டிராயர் சாவி அவரு பையில இருக்கு. அவரு கருத்தரங்குக்குப் போயிருக்காரு."

"என்ன கருத்தரங்கு?"

"பாஞ்சிர் பத்தித்தாண்ணே" என்றாள் அவள். அழுதுவிடுவாள் போலிருந்தது.

தயாளனிடம் இருந்தது கோழிக்கூண்டுக் கம்பி வெட்டுகிற சின்னக் கத்தரி ஒன்றுதான். நெஞ்சளவு தண்ணீரில் நின்று வேலிக் கம்பியை ஒவ்வொன்றாக நறுக்கினான். ஒரு கம்பிக்கு ஆறு ஏழு தடவை அழுத்த வேண்டியிருந்தது. உள்ளங்கை கிழிந்தது. பின்னாலிருந்து மாடுகள் முதுகில் முட்டின. ரமணி கன்றின் தாடையைத் தன் தோள்மேல் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள். கன்றின் கால்கள் தரையில் இல்லை. "சீக்கிரம்ங்க, சீக்கிரம்ங்க" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். தயாளனுக்கு அதுவரை வராத பயம் அப்போது வந்தது. எந்த மாட்டை எழுதலாம் என்று தொழுவத்தில் நின்று யோசித்தோமே என்று தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. ஒரு மாடு நுழையும் அளவுக்கு வழி கிடைத்ததும் கம்பியை இரண்டு கையாலும் விலக்கிப் பிடித்தான். தாய் மாடு முதலில் போயிற்று. ரமணி கன்றோடு போனாள். கடைசியாக உதைக்கிற மாடு அவனை ஒரு உதை உதைத்துவிட்டு ஏறியது.

மறுபடியும் ஒன்றும் போகவில்லை. பத்து நாளில் கடிதம் வந்தது. பொதுப் புகலிடச் சொத்தைச் சேதப்படுத்தியது, அனுமதியில்லாத கால்நடைகளை உள்ளே விட்டது என்று இரண்டு குற்றச்சாட்டுகள். விசாரணைக்கு ரமணியும் கூட வந்தாள். டாக்டர் அஸ்ஹர் நடுவில் உட்கார்ந்திருந்தார். புஷ்பவள்ளி கூட்டக் குறிப்பு எழுதினாள்.

"அவசர நேரமா இருந்தா விதிய மீறலாம்னு எங்க சட்டத்துலயே இருக்கு" என்றார் டாக்டர் அஸ்ஹர். "நாங்க இரக்கம் இல்லாதவங்க இல்ல. அவசரம்னு நிரூபிச்சா போதும். எத்தன மாடு போச்சி?"

"ஒண்ணும் போகல சார்."

"அப்ப அவசரம் எங்க இருக்கு?"

தயாளன் கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ரமணி எழுந்தாள்.

"சார், வெள்ளத்துல எதாச்சும் போகணும், அவ்வளவுதானே ஒங்களுக்கு? அடுத்த பாஞ்சிருக்கு மொதல்லியே வந்திருங்க. மேட்டுமேல ஏறாம, கீழ எங்க மாடு நின்னிச்சே, அந்த எடத்துல நீங்க நில்லுங்க. கணக்குல எழுதறதுக்கு ஒண்ணாச்சும் கெடைக்கும்."

கண்ணாடிப் பெட்டிக்குள் ஆறு மட்டும் சலசலத்தது. புஷ்பவள்ளி டேப்லெட்டின்மேல் குனிந்தாள். பிறகு வேகமாக எழுத ஆரம்பித்தாள்.

அடுத்த வாரம் கூட்டக் குறிப்பு தபாலில் வந்தது. ரமணி பால் கறந்துகொண்டிருந்தாள். தயாளன் பக்கத்தில் நின்று அவளுக்குப் படித்துக் காட்டினான்.

"அடுத்த வெள்ளத்தின்போது இயக்குநர் களத்தில் நேரடியாக நிற்க வேண்டும் என்று பயனாளி ஆலோசனை வழங்கினார். ஆலோசனை ஒருமனதாக ஏற்கப்பட்டது. வெள்ளத்துக்கான தேதி பின்னர் அறிவிக்கப்படும். வேலி பழுதுபார்க்கப்பட்டு, முன்பைவிடத் தடிமனான கம்பி பொருத்தப்படும்."

"கம்பி எவ்வளவு தடிப்புன்னு போட்டிருக்கா?" என்று ரமணி திரும்பாமலே கேட்டாள்.

தயாளன் தேடிப் பார்த்தான். "எட்டு மில்லிமீட்டர்."

"அப்ப கெளம்புங்க. இரும்புக்கட ஆறு மணிக்கெல்லாம் சாத்திருவான்."

தயாளன் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளை எடுத்தான்.